மூன்றாம் ஆள் பார்க்காத படம்

போட்டோவைப் பார்த்து வரைகிறவர் முழு ஓவியர் இல்லை என்ற தீர்ப்பு நம் ஓவியப் பள்ளிகளிலும் உண்டு, நியூயார்க்கின் விமர்சகர்களிடமும் உண்டு. அந்தப் போட்டோ போலராய்டாக இருந்துவிட்டால் தீர்ப்பு இன்னும் கடுமையாகிறது. ஒரு நிமிடத்தில் கைக்கு வந்துவிடும் படத்தை வைத்துக்கொண்டு கான்வாஸை நிரப்புகிறவர், பார்க்கும் உழைப்பையே கருவியிடம் ஒப்படைத்துவிட்டார் என்கிறார்கள். ஆண்டி வார்ஹாலின் 1970களின் உருவப்படங்களைப் பற்றி இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதுதான். 1979 நவம்பரில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவற்றைத் தொகுத்துக் காட்டியபோது, நியூயார்க் டைம்ஸில் ஹில்டன் கிராமர் அந்தக் கண்காட்சியைக் கடுமையாகத் தாக்கினார். 1982இல் நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸில் ராபர்ட் ஹியூஸ் எழுதிய நீண்ட கட்டுரை வார்ஹாலின் புகழ் முழுவதையும் உள்ளீடற்றது என்று கண்டது. அன்று எழுதப்பட்ட தீர்ப்பு இன்று பாடப்புத்தக வாசகமாக உறைந்துவிட்டது: பணக்காரர்கள் வந்தார்கள், கேமரா சொடுக்கியது, இயந்திரம் அச்சடித்தது.

இந்தப் பார்வை தவறு என்பதே என் வாதம். வார்ஹாலின் எல்லா உருவப்படங்களும் உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. பல உருவப்படங்கள் காசுக்குச் செய்தவை, அப்படித்தான் தெரிகின்றன. ஆனால் தன் ஆசையும் தன் நண்பர்களின் உடலும் சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில் வாழ்ந்த ஒரு குயர் ஓவியருக்குப் போலராய்டு என்னவாக இருந்தது என்ற கேள்வியை இந்த விமர்சகர்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், சோம்பலின் கருவி என்று அவர்கள் ஒதுக்கிய அந்தப் பெட்டிதான், அதுவரை ஓவியத்துக்குள் வர முடியாதிருந்த மனிதர்களை உள்ளே கொண்டுவந்தது என்பது தெரிந்திருக்கும்.

போட்டோவிலிருந்து வரைவது குற்றமா என்ற பழைய வழக்கை முதலில் முடித்துவிடலாம். தெலாக்ருவா 1854இல் எடுக்கப்பட்ட நிர்வாணப் போட்டோக்களை வைத்துத் தன் ஓவியம் ஒன்றைத் தீட்டியிருக்கிறார். அவரைக் காப்பியடித்தவர் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் தாமஸ் ஈக்கின்ஸ் போட்டோக்களைக் கான்வாஸில் ஒளியாக விழச்செய்து குறியிட்டிருந்தார் என்பதை ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்களே கண்டுசொல்லிவிட்டார்கள். அவர் புகழ் ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. பிரான்சிஸ் பேகனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியாக ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் தன் கை தடைப்படுகிறது என்று விமர்சகர் டேவிட் சில்வெஸ்டருடனான உரையாடல்களில் அவர் விளக்கியிருக்கிறார். நண்பர்களையும் காதலரையும் ஜான் டீக்கின் என்ற புகைப்படக்காரரை வைத்துப் படமெடுக்கச் செய்து, கசங்கிக் கிழிந்து பெயிண்ட் ஒட்டிய அந்தப் படங்களிலிருந்துதான் வரைந்தார். அவருடைய லண்டன் ஸ்டூடியோ அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டு டப்ளினில் வைக்கப்பட்டபோது அந்தப் படங்களும் ஆயிரக்கணக்கான பொருள்களோடு போயின. அங்கே கசங்கிய படம் மேதைமையின் சான்றாகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. வார்ஹாலின் மேசையில் இருந்த படம் மட்டும் ஏன் மோசடிக்குச் சான்றாகிறது?

பேகனுக்கும் வார்ஹாலுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு விமர்சகர்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது. பேகனுக்கு டீக்கின் தேவைப்பட்டார். அதாவது ஓவியருக்கும் மாதிரிக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருந்தார். அந்த மூன்றாவது ஆள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு, பேகனின் மாதிரிகளில் ஒருவரான ஹென்ரியெட்டா மொரேஸ் பின்னாளில் சொன்னதே போதும்: பேகனுக்காக டீக்கின் எடுத்த தன் நிர்வாணப் படங்களின் பிரதிகளை அதே டீக்கின் சோஹோ மதுக்கடையில் மாலுமிகளுக்கு விற்றுக்கொண்டிருந்ததைக் கண்டார் அவர். எதிர்பாலின உலகத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கே இது நேர்ந்தது. ஓர் ஆண் இன்னோர் ஆணின் உடலைப் படமெடுத்திருந்தால், நெகட்டிவ் வேறொருவர் கையில் இருப்பதென்பது வேலை போவது, வீடு போவது, சிறை.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சாதாரண ஃபிலிம் எதுவானாலும் யாரோ ஒருவர் கழுவித் தரவேண்டும். 1954 வரை அமெரிக்காவில் கோடாக்ரோம் ஃபிலிமின் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. படமெடுத்த சுருளைக் கோடாக் நிறுவனத்துக்கே அனுப்பவேண்டும். அதன் பிறகும் ஊர் லேப்தான். நம் ஊர்களில் தெருமுனை ஸ்டூடியோவில் ரோலைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு, அந்த ஸ்டூடியோக்காரர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து கடற்கரைப் பயணம்வரை எல்லாவற்றையும் நமக்கு முன்பே பார்த்துவிடுவார் என்பது தெரியும். அமெரிக்காவில் லேப்காரர் ஆபாசம் என்று கருதினால் படங்களைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம், காவல்துறைக்கும் சொல்லலாம். படத்தை வைத்திருந்ததற்காகவே வாழ்க்கை அழிந்தவர்கள் உண்டு. 1960 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலக் காவல்துறை ஸ்மித் கல்லூரிப் பேராசிரியர் நியூட்டன் ஆர்வின் வீட்டில் நுழைந்து, அவர் சேர்த்து வைத்திருந்த ஆண் உடல்வாகுப் பத்திரிகைகளைக் கைப்பற்றியது. இலக்கிய விமர்சகரான அவர் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றவர். ஆசிரியப் பணி அத்தோடு முடிந்தது. அவருடைய சக ஆசிரியர்கள் இருவரும் வேலை இழந்தார்கள். மூவரிடமும் இருந்தவை வெறும் படங்கள்.

அதே மாசசூசெட்ஸில்தான் போலராய்டு நிறுவனமும் இருந்தது. அதன் நிறுவனர் எட்வின் லேண்ட் 1947 பிப்ரவரியில் தன் உடனடிப் படத்தை நியூயார்க்கில் விஞ்ஞானிகள் முன் செய்து காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் கடையில் கேமரா விற்பனைக்கு வந்தது. குடும்ப விருந்து, கடற்கரை, பிறந்தநாள் கேக் என்று விளம்பரங்கள் அதைக் கொண்டாடின. வேகம்தான் அதன் பெருமை என்று விற்றவர்களும் நம்பினார்கள், பழித்தவர்களும் நம்பினார்கள். ஆனால் வேகம் அதன் பாதிக் குணம். ஃபிலிமை இழுத்தால் உருளைகளுக்கு நடுவே ரசாயனப் பொதி உடைந்து பரவுகிறது. ஒரு நிமிடம் கழித்து மேல்தாளை உரித்தால் படம். லேப் இல்லை. கழுவுகிறவர் இல்லை. வண்ணப் படத்தில் நெகட்டிவ் தாள் அங்கேயே குப்பைக்குப் போகிறது. ஆகவே பிரதி போடுகிறவரும் இல்லை. படம் எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் நடுவே நடந்தது அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. புகைப்படம் பிறந்து நூறாண்டுக்குப் பிறகு, சட்டம் வேட்டையாடிய மனிதர்களுக்கு முதல்முறையாக வண்ணத்தில் ஒரு தனியறை கிடைத்தது. ஒரு கருவி தந்த இந்தச் சுதந்திரத்தைச் சோம்பல் என்று பெயரிட்டு அழைப்பது, அந்தச் சுதந்திரம் ஏற்கெனவே தமக்கு இருந்தவர்களால் மட்டுமே முடியும்.

சரி, தனிமை கிடைத்தது. ஆனால் அதை வைத்து வரைந்தது வெறும் நகல்தானே என்பார்கள். டேவிட் ஹாக்னியிடம் போவோம். 1966 கோடையில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்தார். வகுப்புக்கு வந்த பீட்டர் ஷ்லெசிங்கர் அவருடைய காதலரானார். இங்கிலாந்தில் அந்த உறவு குற்றம். சட்டம் மாற இன்னும் ஓராண்டு இருந்தது. கலிஃபோர்னியாவிலும் குற்றம், அங்கே 1976வரை அப்படியே நீடித்தது. அந்த ஆண்டு ஹாக்னி வரைந்த ‘நிக்கின் நீச்சல்குளத்திலிருந்து எழும் பீட்டர்’ இப்போது லிவர்பூலின் வாக்கர் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1967இல் ஜான் மூர்ஸ் பரிசை வென்ற ஓவியம். முதுகைக் காட்டியபடி ஓர் இளைஞன் குளத்தின் விளிம்பில் கைகளை ஊன்றி எழுகிறான். நீலத் தண்ணீரில் வெள்ளைக் கோடுகள் சுருண்டு நெளிகின்றன. பின்னால் கண்ணாடிக் கதவுகள், ஒரு சாய்வு நாற்காலி, நிழலே இல்லாத வெயில்.

இந்த உடல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பீட்டர் தன் காரின் முன்மூடியில் சாய்ந்து நின்றபோது எடுத்த ஒரு போலராய்டிலிருந்து. காரை எடுத்துவிட்டுக் குளத்தை வைத்தார் ஹாக்னி. சாய்ந்து நின்ற உடல் எழும் உடலாயிற்று. நகலெடுக்கிறவர் செய்யும் காரியமா இது? நகலெடுக்கிறவருக்குக் கார் வேண்டும், கார் நின்ற தெரு வேண்டும். ஹாக்னிக்கு வேண்டியிருந்தது அந்த முதுகும் தோளும் இடுப்பும் கொண்ட பாரம் மட்டும்தான். பகல் வெளிச்சத்தில் தான் நேசிக்கும் ஆணின் உடலை ஒளிவு மறைவில்லாமல் நீண்ட நேரம் பார்க்கும் உரிமை எந்த இடத்தில் கிடைக்கும் என்று யோசித்து, ஒரு நண்பரின் நீச்சல்குளத்தை ஓவியத்தில் கட்டினார். ஓவியத்தைச் சுற்றி அவர் வெறுமையாக விட்டிருக்கும் பட்டை போலராய்டின் வெள்ளை விளிம்பை நினைவூட்டுகிறது. தன் மூலத்தை மறைக்க விரும்புகிறவர் அந்த விளிம்பை விட்டிருக்க மாட்டார். இதன் மூலம் ஒரு சின்னப் படம், நாங்கள் இருவர் மட்டும் பார்த்த படம் என்று ஹாக்னி வெளிப்படையாகவே சொல்கிறார்.

ஹாக்னியின் கதை அங்கே நிற்கவில்லை. 1968இல் எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட்டையும் அவருடைய துணைவர் டான் பச்சார்டியையும் ஒரே கான்வாஸில் இரண்டு நாற்காலிகளில் உட்காரவைத்து வரைந்தார். இரண்டு ஆண்கள், ஒரு வீடு, மேசைமேல் பழங்களும் புத்தகங்களும். தம்பதியர் உருவப்படம் என்ற பழைய வடிவத்துக்குள் அவர்களை அமைத்த ஓவியம். 1982 பிப்ரவரியில் பாரிஸின் பாம்பிடு மையத்திலிருந்து ஆலன் சயாக், ஹாக்னியின் புகைப்படங்களைத் தேர்ந்தெடுக்க வந்தார். தேர்ந்தவற்றைக் குறித்துக்கொள்ளப் போலராய்டில் படமெடுத்துக்கொண்டார்கள். அவர் போன பிறகு மிச்சமிருந்த ஃபிலிமை வைத்து ஹாக்னி தன் வீட்டைத் துண்டு துண்டாக எடுத்துக் கட்டம் கட்டமாக ஒட்ட ஆரம்பித்தார். சில நாள்களில் இஷர்வுட்டும் பச்சார்டியும் அப்படியே எடுக்கப்பட்டார்கள். ஒரே முகம் நான்கைந்து துண்டுகளில், ஒவ்வொன்றும் வேறு கணத்தில். அதற்கு இரண்டாண்டு கழித்து வந்தது ‘கிறிஸ்டோபரையும் டானையும் பார்க்கப் போனபோது’ என்ற பெரிய ஓவியம். அதில் இருவரும் சிறிய உருவங்கள். சாலையிலிருந்து இறங்கி, அறை அறையாக நடந்து, இந்தப் பக்கம் ஒருவர் வேலைசெய்வதையும் அந்தப் பக்கம் மற்றவர் வேலைசெய்வதையும் பார்த்துக்கொண்டு, கடல் தெரியும் இடம்வரை நம் கண் போய்வருகிறது. 1968இல் இருவரும் நம்மைப் பார்க்க வைக்கப்பட்டவர்கள். 1984இல் நாம் அவர்கள் வீட்டுக்குள் விருந்தாளிகள். நடுவில் இந்த மாற்றத்தைச் செய்தது போலராய்டு. ஒற்றைக்கண் பார்வையிலிருந்து ஓவியரை அது விடுவித்தது. இரண்டு ஆண்கள் முப்பது ஆண்டு சேர்ந்து வாழும் வீட்டின் சாதாரணத்தை வரைய வழிகாட்டியது. பார்க்கும் உழைப்பைக் கருவி பறித்துக்கொண்டது என்ற குற்றச்சாட்டு இங்கே தலைகீழாகிறது. முன்பைவிடப் பல மடங்கு பார்க்கவேண்டியிருந்தது.

இனி வார்ஹால். உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரையத் தெரியாததால் கேமராவை நாடினார் என்பது அவரைப் பற்றிய மிகச் சுலபமான பொய். 1949இல் பிட்ஸ்பர்க்கில் ஓவியப் பட்டம் பெற்று நியூயார்க் வந்தவர், 1950கள் முழுவதும் பால்பாயின்ட் பேனாவால் இளைஞர்களின் முகங்களையும் பாதங்களையும் உடல்களையும் நேரில் பார்த்து வரைந்தார். கை எடுக்காமல் ஓடும் கோடு. அந்தக் காலத்தின் மிக நுண்மையான கோடுகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். 1956இல் ‘ஒரு பையன் புத்தகத்துக்கான வரைவுகள்’ என்று பாட்லி கேலரியில் காட்டினார். ஆண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் ஓவியங்களை டானஜர் கேலரிக்குக் கொடுத்தபோது அங்கிருந்த ஓவியர்கள் காட்ட மறுத்துவிட்டார்கள். நடுவே நின்று கொடுத்துப் பார்த்த பிலிப் பெர்ல்ஸ்டைனே இதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே, நேரில் பார்த்து, கையால், உணர்ச்சியோடு வரைந்த படங்களை வார்ஹால் கொண்டுவந்தபோது இதே கலை உலகம்தான் கதவைச் சாத்தியது. பிறகு அவர் கேமராவோடு வந்தபோது, கையால் வரையவில்லையே என்று குறை சொன்னது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் உறுத்தியது எது என்று விளங்கும்.

1970களில் அவர் பயன்படுத்திய போலராய்டு ‘பிக் ஷாட்’ என்ற மாடல். 1971 முதல் 1973 வரை மட்டுமே தயாரானது, விலை சுமார் 20 டாலர், பிளாஸ்டிக். அதன் லென்ஸைத் திருகிக் கூர்மை பார்க்க வழியே இல்லை. எடுக்கப்படுகிறவரிடமிருந்து சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் நின்றே ஆகவேண்டும். கூர்மை வரும்வரை எடுப்பவர் தன் உடலோடு முன்னும் பின்னும் அசையவேண்டும். இயந்திரத்தனம் என்று எழுதியவர்கள் இந்தக் கேமராவைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். நெருங்கிய இருவர் பேசிக்கொள்ளும் தூரம் அது. அதைவிட்டு விலகினால் படம் கெடும். நேர் எதிரில் ஃபிளாஷ் அடிப்பதால் தோலின் நிழல்கள் அழிந்து, கண்ணும் உதடும் புருவமும் மட்டும் நிற்கும். மாதிரிகளின் முகத்தில் வெள்ளை மேக்கப் பூசி வார்ஹால் அதை இன்னும் தீவிரமாக்கினார். பல டஜன் படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, பெரிதாக்கி, சில்க்ஸ்கிரீனுக்கு ஃபிலிம் போட்டு, கான்வாஸில் வண்ணம் தீட்டி, அதன்மேல் கறுப்பை அச்சிட்டார். மேக்கப் எப்படி வேலைசெய்கிறதோ அப்படித்தான் இந்தத் தொழில்நுட்பமும். முகத்தை வெறுமையாக்கி, அதன்மேல் தான் விரும்பும் முகத்தை வரைந்துகொள்வது டிராக் கலைஞர் தினமும் கண்ணாடிமுன் செய்வது.

1975இல் வந்த ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’ தொடரில் இந்த முறை தனக்குரிய மனிதர்களைச் சந்தித்தது. இத்தாலிய ஓவிய வணிகர் லூசியானோ அன்செல்மினோ கேட்டதன் பேரில் தொடங்கிய வேலை. நியூயார்க்கின் கில்டட் கிரேப் மதுக்கூடத்திலிருந்து கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் திருநங்கையரும் டிராக் கலைஞர்களும் ஸ்டூடியோவுக்கு அழைத்துவரப்பட்டார்கள். மொத்தம் 14 பேர், 500க்கு மேற்பட்ட போலராய்டுகள், 268 ஓவியங்கள். ஸ்டோன்வால் எழுச்சியின் முன்னணியாளர்களில் ஒருவரான மார்ஷா பி. ஜான்சன் அதில் இருக்கிறார். ஹாட் பீச்சஸ் நாடகக் குழுவில் நடித்த வில்ஹெல்மினா ராஸ் 73 ஓவியங்களில் இருக்கிறார். கையைத் தலைக்கு மேல் வளைத்து, தோளைத் திருப்பி, மேடையிலிருந்து பார்ப்பவரைப் போல் அவர் பார்க்கிறார். இந்த ஓவியங்களில் பெயிண்ட் தடித்து நிற்கிறது. வார்ஹால் விரலாலேயே இழுத்திருக்கிறார். கிழித்த காகிதத் துண்டுகள்போல் ஊதாவும் மஞ்சளும் பச்சையும் முகத்தின் எல்லையை மீறி ஓடுகின்றன. கை படாத கலை என்று சொன்னவர்கள் இந்தத் தொடரின் ஓர் ஓவியத்தின் முன்னாலும் நின்றிருக்க முடியாது.

இந்த மனிதர்களை அதுவரை யார் படமெடுத்தார்கள் என்று கேளுங்கள். நியூயார்க்கில் 1845ஆம் ஆண்டின் மாறுவேடத் தடைச் சட்டம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, பெண் உடையிலிருந்தவர்களைக் காவல்துறை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிடித்தது. காவல்நிலையத்தில் எடுக்கப்படும் படத்தில் நிற்பவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அந்தப் படத்தை அவர் பார்ப்பதும் இல்லை. போலராய்டில் ஒரு நிமிடம் கழித்துப் படம் மேசைமேல் கிடக்கிறது. எடுக்கப்பட்டவரும் குனிந்து பார்க்கலாம். இது பிடிக்கவில்லை, இந்தப் பக்கம் திரும்புகிறேன், விக்கை மாற்றுகிறேன் என்று சொல்லலாம். அடுத்த படம் முந்தைய படத்துக்கு அவர் கொடுக்கும் பதிலாக அமைகிறது. 500 படங்கள் எடுக்கப்பட்டதை ஓவியரின் தயக்கம் என்றோ விரயம் என்றோ படிப்பவர்கள், அந்த அறையில் இரண்டு பேர் வேலைசெய்தார்கள் என்பதை மறக்கிறார்கள். தங்களைத் தாங்களே படைத்துக்கொண்டவர்களுக்கு, தங்கள் படத்தை உடனே பார்த்துத் திருத்தும் வசதி கிடைத்தது. மணிக்கணக்கில் அசையாமல் உட்காரவைத்து வரையும் மரபு அதை எப்போது கொடுத்தது?

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று ஓவியர் ஆலிஸ் நீல். 1970இல் அவர் வார்ஹாலையே நேரில் உட்காரவைத்து வரைந்தார்: சட்டை கழற்றிய உடல், 1968இல் அவர் சுடப்பட்டதன் தழும்புகள், வயிற்றைத் தாங்கும் இறுக்கக் கச்சை, மூடிய கண்கள். அதே ஆண்டு டிராக் கலைஞர் ஜாக்கி கர்ட்டிஸையும் ரிட்டா ரெட்டையும் நேரில் வரைந்தார். இவை இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த உருவப்படங்களில் சேர்பவை. ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன். நேரில் பார்த்து வரைவதால் குயர் உடல்கள் வஞ்சிக்கப்பட்டே தீரும் என்று யாராவது சொன்னால் நீல் அதைப் பொய்யாக்குகிறார். ஆனால் நீலின் வெற்றி போலராய்டின் தோல்வி ஆகாது. நீல் தழும்பைத் தேடினார், அதை வார்ஹால் காட்டினார். வில்ஹெல்மினா ராஸ் காட்ட விரும்பியது தழும்பை அல்ல, தன் மகிமையை. ஒடுக்கப்பட்டவரின் உருவப்படம் காயத்தைக் காட்டினால்தான் உண்மை என்று நினைப்பது ஒரு பழக்கம், அதைக் கைவிட்டாகவேண்டும். பளபளப்பும் உண்மைதான். மார்ஷா ஜான்சன் தலையில் பூவைச் சூடிக்கொண்டு தெருவில் நடந்தது ஒரு நாள் அலங்காரமல்ல, அவர் வாழ்ந்த விதம்.

வார்ஹாலைக் குறைசொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை அவருடைய எதிரிகள் பெரும்பாலும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். அந்த மாதிரிகளுக்குக் கொடுக்கப்பட்டது அரைமணி நேரத்துக்கு 50 டாலர். அதே ஸ்டூடியோவில், அதே பிக் ஷாட் கேமராவின் முன் உட்கார்ந்த செல்வந்தர்கள் தங்கள் உருவப்படத்துக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். 1975இல் இத்தாலியின் ஃபெராராவில் ஓவியங்கள் தொங்கியபோது செல்வந்தர்களின் படங்களுக்கு இருந்ததுபோல் இவற்றுக்குப் பெயர் இல்லை. யாரோ சிலர் என்ற அளவில் நின்றார்கள். 2014இல் வெளியான, வார்ஹாலின் முழுப் படைப்புப் பட்டியலின் நான்காம் தொகுதிவரை அந்தப் பெயர்கள் பொதுவெளிக்கு வரவில்லை. மார்ஷா 1992லேயே இறந்துவிட்டார். இது அநீதி. ஆனால் இந்த அநீதியைச் செய்தது கேமரா இல்லை. விலை பேசிய வணிகரும், பெயரை விட்டுவிட்ட ஸ்டூடியோவும், பெயர் கேட்காமல் வாங்கித் தொங்கவிட்ட சேகரிப்பாளர்களும் செய்தது. போலராய்டைப் பழிக்கும் விமர்சனம் இந்த உண்மையான குற்றத்தின் மேலிருந்து நம் கண்ணைத் திருப்பிவிடுகிறது. மூலம் எது என்று சண்டையிட்டவர்கள், மூலத்தில் இருந்த மனிதர் யார் என்று நாற்பதாண்டு கேட்கவில்லை.

இதைவிட மென்மையான, அதனாலேயே அதிகம் பரவிய இன்னொரு கருத்தும் இருக்கிறது. போலராய்டு வெறும் வேலை வசதி. ஓவியரின் பாலீர்ப்புக்கும் அவர் கையாண்ட கருவிக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்பார்கள். பெருந்தன்மைபோல் ஒலிக்கும் இது பழைய மௌனத்தின் நீட்சி. 1977இல் வார்ஹால் எடுத்த ஆண் உடல் போலராய்டுகளை நினைத்துப் பாருங்கள். முதுகும் இடுப்பும் தொடையும்; சில படங்கள் முழுப் பாலுறவுக் காட்சிகள். ‘டோர்சோஸ்’ என்ற பெயரில் முதுகும் இடுப்பும் கான்வாஸுக்குப் போயின; மற்றவற்றில் பல சிறிய படங்களாகவே இருந்துவிட்டன. எது வெளியே போகலாம், எது அறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை ஓவியரிடம் இருந்தது. எந்த லேபும் அந்த உரிமையை அவருக்குக் கொடுத்திருக்காது. நியூயார்க்கில் ஆண்களுக்கிடையிலான உறவு 1980வரை குற்றச் சட்டத்தில் இருந்தது. கருவிக்கும் ஆசைக்கும் தொடர்பில்லை என்று சொல்கிறவர், சட்டம் இருந்ததையே மறைக்கிறார்.

இந்தியாவில் நமக்கு 2018 செப்டம்பர் 6 அன்றுதான் அப்படிப்பட்ட சட்டம் விலகியது. இன்று இங்கே வரையும் பால்புதுமையினர் கையில் போலராய்டு இல்லை, போன் இருக்கிறது. அதுவும் உடனடிதான். ஆனால் போனில் எடுத்த படம் பல நேரங்களில் எடுத்த நொடியிலேயே யாருடையதோ சர்வரில் ஒரு பிரதியாகிவிடுகிறது. திருடு போகலாம், மிரட்டலுக்குப் பயன்படலாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகலாம். விரட்டப்பட்ட மூன்றாம் ஆள் திரும்பி வந்துவிட்டார். 2008இல் போலராய்டு நிறுவனம் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியபோது இழந்தது பழைய காலத்து அழகை மட்டும் என்று எழுதியவர்கள் இந்த இழப்பைக் கவனிக்கவில்லை. போனிலிருந்து வரையும் இளம் ஓவியரைப் பார்த்து இன்னொரு தலைமுறை ஆசிரியர்கள் அதே பழைய தீர்ப்பைச் சொல்லத் தயாராக நிற்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. அவர் எதைப் பார்த்து வரைகிறார் என்பதைக் கேட்பதற்கு முன், அந்தப் படத்தை எடுக்க யாரெல்லாம் யாரை நம்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அருங்காட்சியகங்களிடம் ஒரு கோரிக்கை. வார்ஹால் அறக்கட்டளை 2007 முதல் அவருடைய 28,500க்கும் மேற்பட்ட புகைப்படங்களைப் பல்கலைக்கழக அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அவற்றை இழுப்பறையில் ஆய்வாளர்களுக்கான துணைப்பொருளாக வைக்காதீர்கள். ஓவியத்தின் பக்கத்திலேயே, ஓவியத்தின் உயரத்திலேயே தொங்கவிடுங்கள். எடுக்கப்பட்டவரின் பெயரை ஓவியரின் பெயருக்குச் சமமான எழுத்தில் எழுதுங்கள். அவருக்குக் கொடுக்கப்பட்ட பணத்தையும் எழுதுங்கள். 14 பேரில் 13 பேரின் பெயர் தெரிந்துவிட்டது. பதினான்காவது பெயரைத் தேடுங்கள்.